முதல் மணி

காலை ஐந்தரைக்கு என் விரல்கள் இன்னும் வந்து சேரவில்லை.
மற்ற உடம்பு எழுந்து அடுப்படிக்குப் போயாயிற்று.
பால் பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிக்கிறேன்.
"ஜெபக்கனி, கத்தரிக்கோல் எதுக்கு வாங்கிப் போட்டிருக்கு?"
கத்தரிக்கோலுக்கும் விரல் வேண்டும் என்பதை
இவரிடம் ஒரு மணி நேரம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.
அதற்குள் முட்டிகள் ஒவ்வொன்றாய் இணங்கிவிடும்.

முன்னீர்ப்பள்ளத்தில் ஏழு பத்து வண்டி.
பள்ளிக்கூடப் பையன்கள் ஏறுகிறார்கள்.
முகம் பார்க்கும் முன்னால்
மணிக்கட்டைப் பார்த்துக்கொள்கிறார்கள்:
என்ன நிறக் கயிறு, எந்தத் தெரு.
ஒருவன் என் கையைப் பார்த்தான்.
கயிறு இல்லை. வீக்கம்தான்,
இரண்டு கைக்கும் அளந்து பங்கு வைத்தாற்போல.
முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி லேபில்
இசக்கிமுத்துதான் எனக்கு ஊசி குத்தினான்.
"எக்கா, ஊருக்கே ரத்தம் எடுக்கிய,
ஒங்க நரம்பு இப்படி ஓடி ஒளியுதே."
இரண்டு குழாய். பெயர் எழுதவில்லை.
நாற்பத்தேழு என்று மட்டும்.

ஒன்றை ஸ்டாண்டில் செங்குத்தாய் நிறுத்தினேன்.
சிவப்பு இறங்க இறங்க மேலே மஞ்சள் வெளிறி நீளும்,
அதற்கும் கணக்கு ஒரு மணி நேரம்தான்.
பதினாறு வருஷமாய் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போகிறவள்
அன்றைக்குப் போகவில்லை.
எழுபத்தெட்டு மில்லிமீட்டர்.
நாற்பத்தாறும் நாற்பத்தெட்டும் இருபதைத் தாண்டவில்லை.

கறுப்பு ஸ்லைடில் என் சீரம் ஒரு சொட்டு,
பக்கத்தில் லேடெக்ஸ் ஒரு சொட்டு.
கலந்து ஆட்டினேன்.
சித்திரை மதியம் காய்ச்ச மறந்த பாலாய்
திரிந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"உங்க ராணுவம் உங்களையே சுடுதும்மா" என்றார் மூட்டு டாக்டர்.
எனக்கு அது ஒட்டவில்லை.
ராணுவத்துக்கு உத்தரவு வரவேண்டும். லீவு உண்டு.
இது ஏழு பத்து வண்டி, சார்.

அம்மை போட்டபோது என்னை மீட்டது இதுதான்.
ஊரே குனிந்து நடந்த சிக்குன்குனியா வருஷம்
கண் மூடாமல் காத்ததும் இதுதான்.
வந்த முகம் எதையும் மறக்காது.
எப்போதோ ஓர் இரவு என் சொந்தப் புரதம் ஒன்று
ஓரத்தில் கொஞ்சம் மாறி
வேறு சட்டை போட்ட அண்ணனாய் முட்டிக்குள் நின்றிருக்கிறது.
"ஏல, நீ எந்தத் தெரு?"
பதில் சொல்ல எலும்புக்கு ஏது வாய்.
அன்றிலிருந்து ஒவ்வொரு கணுவாய் நிறுத்திக் கேட்கிறது.
சவ்வு வீங்குகிறது, குருத்தெலும்பின் விளிம்பு அரிபடுகிறது,
யாரும் ஊரைவிட்டுப் போகவும் வழியில்லை.

சனிக்கிழமை ராத்திரி மட்டும் மஞ்சள் மாத்திரை.
"தினமும் போட்டா ஆளே போயிரும்" என்று
மருந்துச் சீட்டில் சிவப்புப் பேனாவால் மூன்று வட்டம்.
காவலைக் கொஞ்சம் கண்ணயரச் செய்கிற மருந்து.
அயர்ந்த நேரம் பார்த்து எவன் இருமலும் என்னிடம் தங்கிவிடுகிறது.
ஞாயிறு ஆராதனையில் குமட்டலோடு கடைசி வரிசை,
கதவுப் பக்கம்.

நேற்று மேலப்பாளையத்திலிருந்து செய்யதலி பாத்திமா வந்தாள்.
என் வயசுதான் இருக்கும்.
ஆயிரம் பீடி சுற்றிய கை
இப்போது அறுநூறைத் தொடுவதற்குள் இருட்டிவிடுகிறதாம்.
"நான் என்ன தப்பு செஞ்சேன்னு இது எம்மேல பாயுது?"
ரத்தம் எடுத்துக்கொண்டே பேசாமல் இருந்தேன்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள், மூடி திறக்க.
நான் திருகினேன். அவள் பிடித்துக்கொண்டாள்.
அப்புறம் அவள் திருகினாள்.
நாலு கை, ஒரு மூடி.
இரண்டு பேரும் சிரித்துவிட்டோம், வலியோடு.

இசக்கிமுத்து வந்து
ஒன்றும் கேட்காமல் திறந்து கொடுத்துவிட்டுப் போனான்.
அவன் மணிக்கட்டிலும் ஒரு கயிறு.
என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை.

பார்த்தேன்.
சொல்ல மாட்டேன்.